நிறையப் பயன்படுத்துங்கள் என்ற படமும் சேமியுங்கள் என்ற படமும்

ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைப் பார்த்து, எங்கள் சரக்கை நிறைய வாங்குங்கள் என்று சொல்வது இயல்பு. அதே நிறுவனம் நாற்பது ஆண்டுகள் கழித்து, எங்கள் சரக்கைக் குறைவாக வாங்குங்கள், குறைத்துக்கொள்ள ஆகும் செலவில் ஒரு பகுதியை நாங்களே தருகிறோம் என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்? கடையை மூடப் போகிறார்கள் போலும் என்றுதானே?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் இப்படித்தான் நடந்தது. சரக்கின் பெயர் மின்சாரம். விற்றது பான்வில் மின் நிர்வாகம் என்னும் மத்திய அரசு நிறுவனம். கடை மூடப்படவில்லை, இன்றும் நடக்கிறது. மின்சாரத்தை நிறையப் பயன்படுத்துங்கள் என்று சொல்லவும், பிற்காலத்தில் அதைச் சேமியுங்கள் என்று சொல்லவும் அந்த நிறுவனம் திரைப்படங்களின் துணையை நாடியது. அந்தப் பழைய படங்களில் பல செப்பனிடப்பட்டு இன்று யாரும் பார்க்கும்படி கிடைக்கின்றன.

நம் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன் செய்திப்படம் ஓடிய காலம் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அணைக்கட்டும் மின்கோபுரமும் கம்பீரமான குரலும் வந்தவுடன் பலர் முறுக்கு வாங்க எழுந்து போய்விடுவார்கள். அமெரிக்கப் படங்களும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்தால், ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருப்பது தெரியும். அந்தக் கணக்கு மாறியபோது படமும் மாறிற்று. அதை நாமும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம்.

ஆற்றில் எத்தனை கிலோவாட்?

கொலம்பியா ஆறு கனடாவின் மலைகளில், கடல் மட்டத்துக்குச் சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஏரியில் பிறக்கிறது. வாஷிங்டன் மாநிலத்துக்குள் வளைந்து இறங்கி, பிறகு வாஷிங்டனுக்கும் ஆரிகன் மாநிலத்துக்கும் எல்லையாக ஓடிப் பசிபிக் பெருங்கடலை அடைகிறது. மொத்த நீளம் சுமார் 2,000 கிலோமீட்டர். நம் ஆறுகள் பெரும்பாலும் மழையை நம்பி ஓடுபவை. கொலம்பியா பனியை நம்பி ஓடுவது. குளிர்காலத்தில் மலைமேல் விழும் பனி அங்கேயே உறைந்து கிடக்கும். மே, ஜூன் மாதங்களில் உருகி ஒரே மூச்சில் இறங்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் இது நமக்குப் பலமுறை தேவைப்படும்.

ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். அது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் 9,800 ஜூல் ஆற்றல் வெளிப்படும். விநாடிக்கு ஒரு கன மீட்டர் வீதம் இடைவிடாமல் விழுந்துகொண்டிருந்தால் அதன் திறன் 9.8 கிலோவாட். இவ்வளவுதான் சூத்திரம். உயரத்தையும் நீரின் அளவையும் பெருக்கிக்கொண்டே போகலாம்.

கொலம்பியாவின் குறுக்கே உள்ள மிகப் பெரிய அணை கிராண்ட் கூலி. அங்கே நீர் ஏறத்தாழ 100 மீட்டர் விழுகிறது. ஆண்டுச் சராசரியாக விநாடிக்குச் சுமார் 3,000 கன மீட்டர் நீர் வருகிறது. 9.8ஐ 100ஆலும் 3,000ஆலும் பெருக்குங்கள். 29 லட்சம் கிலோவாட்டுக்கு மேல் வரும். எந்திரங்களில் நேரும் இழப்பும், வெள்ளக் காலத்தில் மதகு வழியே வழிந்து போவதும் இதில் கழிய வேண்டும். உண்மையில் அங்கே ஆண்டுச் சராசரியாகக் கிடைப்பது ஏறத்தாழ 24 லட்சம் கிலோவாட். ஆற்றையும் அணையையும் நேரில் பார்க்காமலே, ஒரு தாளில் இவ்வளவு நெருக்கமாகக் கணக்கிட முடிகிறது.

ஆனால் அந்த அணையின் மின்னாக்கிகளின் மொத்தத் திறன் 68 லட்சம் கிலோவாட் என்று புத்தகங்களில் படிப்பீர்கள். சராசரியாக 24 லட்சம்தான் கிடைக்குமென்றால் 68 லட்சத்துக்கு எந்திரம் எதற்கு? மக்கள் நாள் முழுவதும் ஒரே அளவில் மின்சாரம் கேட்பதில்லை. காலையிலும் மாலையிலும் நிறையக் கேட்கிறார்கள். தேவை குறைந்த நேரத்தில் நீரைத் தேக்கி வைத்து, தேவை மிகுந்த நேரத்தில் எல்லாச் சுழலிகளையும் ஓட்டலாம். பனி உருகி வெள்ளம் வரும் மாதங்களிலும் எந்திரம் எத்தனை இருந்தாலும் வேலை இருக்கும்.

தேக்குவதற்கும் எல்லை உண்டு. கொலம்பியாவின் எல்லா அணைகளும் சேர்ந்தாலும் ஓர் ஆண்டின் நீர்வரத்தில் பாதியைக்கூடத் தேக்க முடியாது. தேக்க முடியாத நீரை அந்த நேரத்திலேயே சுழலி வழியாக விட வேண்டும், இல்லாவிட்டால் மதகு வழியாக விட வேண்டும். நிலக்கரி நிலையத்தில் இன்று எரிக்காத கரி நாளைக்கு இருக்கும். ஆற்றில் இன்று பயன்படாத வெள்ளம் நாளைக்குக் கடலில் இருக்கும்.

ஒரே தபால்தலை, ஒரே விலை

1933இல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலையற்றோருக்கு வேலை தரவும் நாட்டின் வளத்தைப் பெருக்கவும் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு பெரிய கட்டுமானங்களைத் தொடங்கியது. போர்ட்லண்ட் நகருக்குக் கிழக்கே சுமார் 65 கிலோமீட்டரில் பான்வில் அணையும், மேலே வாஷிங்டன் மாநிலத்தின் வறண்ட நிலத்தில் கிராண்ட் கூலி அணையும் அப்போது எழத் தொடங்கின. பான்வில் அணையை ரூஸ்வெல்ட் 1937 செப்டம்பர் 28ஆம் நாள் திறந்து வைத்தார். அங்கே உண்டாகும் மின்சாரத்தைக் கொண்டு செல்லவும் விற்கவும் அதே ஆண்டில் ஒரு சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டதுதான் பான்வில் மின் நிர்வாகம். அணை கட்டுவது அதன் வேலையன்று. கம்பி இழுப்பதும் விற்பதும் அதன் வேலை.

அதன் முதல் தலைவர் ஜே. டி. ராஸ், சியாட்டில் நகரத்தின் மின்துறையை வளர்த்தவர். அவர் வைத்த விலை முறை வேடிக்கையானது. ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 17 டாலர் 50 சென்ட். அணைக்குப் பக்கத்து ஊரானாலும் 400 கிலோமீட்டர் தள்ளிய ஊரானாலும் இதே விலை. உள்ளூருக்கு ஒரு கடிதமும் தொலைதூரத்துக்கு ஒரு கடிதமும் ஒரே தலை ஒட்டிப் போகின்றன அல்லவா? அதனால் இதற்குத் தபால்தலைக் கட்டணம் என்றே பெயர் வந்துவிட்டது.

இந்த விலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பணம், எத்தனை யூனிட் எடுத்தீர்கள் என்பதற்கன்று. எத்தனை கிலோவாட் ஒதுக்கிக்கொண்டீர்கள் என்பதற்கு. ஆண்டில் 8,760 மணி நேரம் இருக்கிறது. இரவு பகல் நிற்காமல் எடுப்பவருக்கு ஒரு யூனிட் ஏறத்தாழ 0.2 சென்ட்தான் விழும். நாளில் ஆறு மணி நேரம் மட்டும் எடுப்பவருக்கு அதே யூனிட் நான்கு மடங்கு விலை. ஆகவே நிறைய எடுப்பவருக்கே ஆதாயம். ஓடுகிற ஆற்றை வீணாக்காதே என்பதை ராஸ் விலைச் சீட்டிலேயே எழுதிவிட்டார்.

வாங்க யார் இருந்தார்கள் என்பதுதான் சிக்கல். வாஷிங்டன், ஆரிகன், ஐடஹோ மூன்று மாநிலங்களிலும் 1940இல் 35 லட்சம் மக்கள்கூட இல்லை. பெரிய தொழில்கள் இல்லை. கிராண்ட் கூலியை வெள்ளை யானை என்று எதிர்ப்பாளர்கள் கேலி செய்தார்கள். பாலைவனத்து முயலுக்கா விளக்கு ஏற்றப் போகிறீர்கள் என்ற தொனியில் பேச்சு நடந்தது. மறுபக்கம், கம்பி இழுத்தால் இலாபம் வராது என்று தனியார் மின் நிறுவனங்கள் விட்டுவைத்த பண்ணைகளில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது என்றால் இன்று நம்புவது கடினம்.

மின்சாரமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. தேவைப்படுபவருக்கு அது தேவை என்று தெரியவில்லை. இந்த இடத்தில்தான் படம் வருகிறது.

பதினோரு நிமிடச் சுருள்

16 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள் அன்றைய பொதுக்கல்விக்கு வரப்பிரசாதம். ஓர் அடி நீளத்தில் 40 படங்கள் அடங்கும். பேசும் படம் விநாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும். அப்படியானால் நிமிடத்துக்கு 36 அடி. 400 அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிடம் ஓடும். இரண்டு மூன்று சுருள்களைப் பெட்டியில் வைத்து ஒருவரே தூக்கிச் செல்லலாம். திரையரங்குகளின் 35 மில்லிமீட்டர்ச் சுருள் அக்காலத்தில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டால் ஆனது. 16 மில்லிமீட்டர்ச் சுருளோ தீ அபாயம் குறைந்த அசிட்டேட்டால் ஆனது. ஆகவே பள்ளிக்கூடத்திலும், விவசாயிகள் சங்கத்திலும், தேவாலயக் கூடத்திலும் அஞ்சாமல் ஓட்டலாம். மின்சாரம் வராத ஊரில் மின்சாரத்தின் பெருமையைப் படமாகக் காட்டவும் மின்சாரம் வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்!

அந்தப் பத்தாண்டில் அமெரிக்க அரசு இவ்வகையில் சில நல்ல படங்களை எடுத்தது. பேர் லோரன்ஸ் இயக்கிய 'தி ரிவர்' 1938இல் வெளிவந்து வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. மிசிசிபி ஆற்றுப் படுகையில் காடழிந்து மண் கரைந்து வெள்ளம் பெருகிய கதையைச் சொல்லி, டென்னசி பள்ளத்தாக்கின் அணைகளைத் தீர்வாகக் காட்டும் படம் அது. டச்சு நாட்டுக்காரரான யோரிஸ் இவென்ஸ் 1940இல் 'பவர் அண்ட் தி லேண்ட்' என்ற படத்தை எடுத்தார். ஒஹையோ மாநிலத்தில் ஒரு குடும்பம். அவர்களுடைய பண்ணையில் மின்சாரம் வருவதற்கு முன்னும் பின்னும் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதுதான் கதை. நீர் இறைப்பதும், துணி துவைப்பதும், கறந்த பால் கெடாமல் காப்பதும் எத்தனை கைவேலை என்று காட்டிவிட்டு, அதே வேலைகளை மோட்டாரிடம் ஒப்படைக்கிறது. என் கணிப்பில் இந்த வகைப் படங்களில் இதுவே சிறந்தது. அணையின் உயரத்தைவிடப் பால்பானையின் கவலை பார்ப்பவருக்கு விரைவில் புரியும்.

பான்வில் மின் நிர்வாகம் தானும் ஒரு படம் எடுத்தது. 1939-40இல் வந்த அதன் பெயர் 'ஹைட்ரோ'. அந்நிறுவனத்தின் செய்திப் பிரிவைச் சேர்ந்த ஸ்டீபன் கான் இதற்குப் பின்னால் இருந்தவர். படத்தின் வாதம் நாம் மேலே போட்ட கணக்குதான்: கடலுக்குப் போகும் நீர் வீணாகும் ஆற்றல்; அதைப் பிடித்தால் பண்ணைக்கும் ஆலைக்கும் உயிர் வரும்.

வாங்குபவர் படம் பார்த்து வருவதற்குள் போர் வந்துவிட்டது. அலுமினியம் செய்யும் ஆலைகள் முதலில் வந்து நின்றன. அலுமினிய ஆக்சைடிலிருந்து உலோகத்தைப் பிரிக்க மின்பகுப்பு ஒன்றே வழி. ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ 15,000 யூனிட் செலவாகும். அதுவும் இரவு பகல் நிற்காமல். ராஸின் விலைச் சீட்டுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வாடிக்கையாளர். 1940 செப்டம்பரில் வான்கூவர் என்னும் வாஷிங்டன் மாநில நகரில் முதல் உருக்காலை ஓடத் தொடங்கியது. கிராண்ட் கூலி 1941 மார்ச்சில் மின்சாரம் தந்தது. விமானங்களுக்கு அலுமினியம், போர்ட்லண்ட் கப்பல் கட்டும் தளங்கள், பிறகு அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த ஹான்போர்டு என எல்லாம் இந்த ஆற்றின் மின்சாரத்தில் ஓடின. வெள்ளை யானை என்ற பேச்சு நின்றுபோயிற்று.

பாட்டுக்காரரின் முப்பது நாள்

கான் அடுத்த படத்துக்கு ஒரு பாட்டுக்காரரைத் தேடினார். வுடி கத்ரி என்னும் நாட்டுப்புறப் பாடகர் 1941 மே மாதம் முப்பது நாள் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அவரை ஒரு காரில் ஏற்றி ஆற்றங்கரை நெடுகச் சுற்றிக் காட்டினார்கள். அந்த ஒரு மாதத்தில் அவர் 26 பாடல்கள் எழுதினார். கணக்குப் பார்த்தால் ஒரு பாட்டுக்குப் பத்து டாலருக்குச் சற்று மேல். அவற்றுள் 'ரோல் ஆன், கொலம்பியா' 1987இல் வாஷிங்டன் மாநிலத்தின் அதிகாரபூர்வ நாட்டுப்புறப் பாடலாயிற்று. அரசுச் செலவில் இவ்வளவு மலிவாகவும் இவ்வளவு நிலையாகவும் வேறொன்று வாங்கப்பட்டதுண்டா என்பது ஐயமே.

போரால் தடைப்பட்ட அந்தப் படம் 'தி கொலம்பியா' என்ற பெயரில் 1949இல் நிறைவுற்றது. இடையில் 1948 மே 30ஆம் நாள் கொலம்பியா கரையை உடைத்து, போர்க்காலத் தொழிலாளருக்காகக் கட்டப்பட்ட வான்போர்ட் என்ற ஊரை ஒரே நாளில் அழித்தது. சுமார் 18,000 பேர் வீடிழந்தார்கள். பனி உருகும் பருவத்துடன் மழையும் சேர்ந்துகொண்டதால் வந்த வெள்ளம் அது. படத்தில் இதற்கும் இடம் கிடைத்தது. ஆற்றை மேலும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறெது?

1953இல் ஆட்சி மாறியது. அரசு மின்சாரம் விற்பதைப் புதிய அரசு அவ்வளவாக விரும்பவில்லை. இந்தப் படங்களின் படிகளை அழித்துவிட ஆணை வந்தது. கத்ரியைக் காரில் அழைத்துச் சென்ற அதே ஊழியரிடம் எரிக்கும் பொறுப்பு தரப்பட, அவர் சில படிகளைத் தம் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார். அரசு எடுத்த படத்தை அரசிடமிருந்தே காப்பாற்ற வேண்டியதாயிற்று.

கடலுக்குப் போன நீர் யாருக்கு வீண்?

ஹைட்ரோ படத்தின் கணக்கில் ஒரு வரி நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டும். கடலுக்குப் போகும் நீர் வீண் என்பது ஒரு பௌதிக உண்மையன்று. அது ஒரு தரப்பின் மதிப்பீடு. கொலம்பியாவில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து எதிர்நீச்சலிட்டு மேலே வந்து முட்டையிடும். அருவிகளில் அவை தாவும்போது பிடிப்பது அங்குள்ள பூர்வகுடிகளின் பன்னெடுங்கால வாழ்க்கை. பான்வில் அணையில் மீன்கள் ஏறிச்செல்லப் படிக்கட்டுப் போன்ற வழி கட்டினார்கள். 168 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் கூலியில் அப்படி எதுவும் இல்லை. அதற்கு மேலுள்ள ஆற்றில் சால்மன் அடியோடு நின்றுபோயிற்று. கெட்டில் அருவி தேக்கத்தில் மூழ்குவதற்கு முன், 1940 ஜூனில், பூர்வகுடிகள் அங்கே கூடி விடைகொடுத்தார்கள். கண்ணீர்ச் சடங்கு என்று அதற்குப் பெயர். கீழே டேல்ஸ் அணையின் நீர் 1957 மார்ச் 10ஆம் நாள் சிலைலோ அருவியைச் சில மணி நேரத்தில் மூடியது. கால்வில் இன மக்களுக்கு அமெரிக்க அரசு 5 கோடியே 30 லட்சம் டாலரும் ஆண்டுதோறும் ஒரு தொகையும் ஈடாகத் தர ஒப்புக்கொண்டது 1994இல்தான்.

ஆகவே இப்படங்களைப் பார்க்கும்போது, எதைச் செல்வம் என்கிறார்கள், எதை வீண் என்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1940இல் கிலோவாட் செல்வம். வழியும் நீர் வீண். முப்பது ஆண்டுகளில் இந்தப் பட்டியல் தலைகீழாகப் போகிறது.

எழுபதை ஏழால் வகுத்தால்

போருக்குப் பின் அமெரிக்காவில் மின்தேவை ஆண்டுக்குச் சுமார் 7 விழுக்காடு வளர்ந்துகொண்டிருந்தது. ஏழு என்றால் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் கூட்டுவட்டியில் ஒரு தொகை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று அறிய 70ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் போதும். 70 வகுத்தல் 7, பத்து. அதாவது பத்தாண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பு. முப்பது ஆண்டில் எட்டு மடங்கு. ஆறோ எட்டு மடங்காவதில்லை. நல்ல அணை இடங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வந்தன.

சில வழிகள் கண்டார்கள். கனடாவுடன் 1961இல் கையெழுத்தாகி 1964இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி மேல்பகுதியில் புதிய தேக்கங்கள் கட்டப்பட்டன. 1970இல் சிலைலோவிலிருந்து கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை 1,360 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்மின்னோட்டப் பாதை ஒன்று இயங்கத் தொடங்கியது. வடக்கே குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்க மின்தேவை உச்சம். தெற்கே கோடையில் குளிரூட்ட உச்சம். பனி உருகி வடக்கே மிஞ்சும் மின்சாரம் கோடையில் தெற்கே போகும். ஒருவருக்கு மிஞ்சும்போது மற்றவருக்குத் தட்டுப்பாடு என்பது மின்பொறியாளருக்குக் கிடைத்த பரிசு.

1973இல் மழையும் பனியும் பொய்த்தன. அதே ஆண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. ஆரிகன் ஆளுநர் டாம் மக்கால் கடைகளின் விளம்பர விளக்குகளை அணைக்க ஆணையிட்டார். 1976இல் பான்வில் மின் நிர்வாகம் தன்னிடம் வாங்கி விநியோகிப்போருக்கு அறிவிப்பு விடுத்தது: 1983க்குப் பிறகு உங்கள் கூடுதல் தேவைக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது. வாங்குங்கள் என்று படம் எடுத்த நிறுவனம் கையை விரித்தது.

மாற்று வழி அணுமின் நிலையங்கள் என்று எண்ணினார்கள். வாஷிங்டன் மாநிலப் பொதுத்துறை மின் அமைப்பு ஒன்று ஐந்து அணு உலைகளை ஒரே நேரத்தில் தொடங்கியது. செலவு மதிப்பீடு பல மடங்காக ஊதியது. எதிர்பார்த்த தேவையோ வரவில்லை. விலை ஏறினால் மக்கள் குறைவாக வாங்குவார்கள் என்பதை 7 விழுக்காட்டுக் கோடு வரைந்தவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. 1982இல் நான்காவது, ஐந்தாவது உலைகள் கைவிடப்பட்டன. 1983இல் அவற்றுக்காக வாங்கிய 225 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் அந்த அமைப்பு நொடித்தது. ஐந்தில் ஒன்றுதான் கட்டி முடிக்கப்பட்டு 1984இல் இயங்கத் தொடங்கியது. கட்டாத உலைகளின் கடனையும் சேர்த்து மக்களின் மின்கட்டணம் ஏறியது.

கூரையில் ஒரு மின்நிலையம்

1980 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. மின்சாரச் சேமிப்பையும் ஒரு மின்மூலமாகக் கருத வேண்டும். புதிய நிலையம் கட்டுவதைவிடப் பத்து விழுக்காடு வரை கூடுதலாகச் செலவானாலும் சேமிப்புக்கே முதலிடம் தரலாம் என்றது அது. சேமிப்பு என்பது அதுவரை நல்லொழுக்கமாகப் பேசப்பட்டது. இப்போது அது விலைச் சீட்டு உள்ள சரக்காயிற்று. மின்சேமிப்புப் படங்களின் பேச்சு இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் உள்ளே 20 பாகை, வெளியே 0 பாகை செல்சியஸ். கூரையின் பரப்பு 100 சதுர மீட்டர். வெப்பக்காப்பு இல்லாத கூரையில் ஒவ்வொரு சதுர மீட்டரும், ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் 2 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்று கொள்வோம். 2, 100, 20 மூன்றையும் பெருக்கினால் 4,000 வாட். கண்ணாடி இழைப் பஞ்சைக் கூரைக்கடியில் கனமாகப் பரப்பினால் அந்த 2 வாட் கால் வாட்டாகக் குறையும். அப்போது இழப்பு 500 வாட். ஒரு வீட்டில் 3.5 கிலோவாட் மிச்சம். ஆயிரம் வீட்டில் 3,500 கிலோவாட். அதுவும் கடுங்குளிரில், ஆறு பனியாக உறைந்து கிடக்கும் காலத்தில், மின்சாரம் மிக அருமையாக இருக்கும் நேரத்தில் மிச்சம். தேக்கம் போதாத ஆற்றுக்குக் கூரைப்பஞ்சு ஒரு தேக்கம் போல வேலை செய்கிறது. சித்திரை வெயிலில் காங்கிரீட் தளத்தின் கீழ் படுத்துப் புரண்டவர்களுக்கு வெப்பம் கூரை வழியே எவ்வளவு எளிதாக நடமாடும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்கு அது உள்ளே வருகிறது, அவர்களுக்கு வெளியே போகிறது, கணக்கு ஒன்றே.

தாளில் போட்ட கணக்கு ஊரில் பலிக்குமா? இதைச் சோதிக்க ஆரிகன் மாநிலத்தில் ஹூட் ரிவர் என்னும் சிறிய வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1983 முதல் 1985 வரை, சுமார் 2 கோடி டாலர் செலவில், ஏறத்தாழ 3,000 வீடுகளுக்கு வெப்பக்காப்பும் நல்ல சன்னல்களும் போட்டார்கள். செலவை மின் நிர்வாகம் ஏற்றது. தகுதியுள்ள வீடுகளில் 85 விழுக்காடு சேர்ந்தது பெரிய வெற்றி. ஆனால் மிச்சமான மின்சாரம் கணித்ததில் பாதிகூட இல்லை! ஏன்? கட்டண உயர்வுக்கு அஞ்சி மக்கள் முன்பே பல அறைகளைச் சூடாக்காமல் விட்டிருந்தார்கள். விறகு அடுப்பும் எரித்தார்கள். செலவழிக்காததை எப்படிச் சேமிப்பது? இந்தப் பாடத்துக்குப் பிறகு, சேமிப்பைச் சூத்திரத்தால் மட்டும் சொல்லாமல் மின்மானியைப் படித்துச் சொல்ல வேண்டும் என்ற கண்டிப்பு வளர்ந்தது. இன்று அந்த வட்டாரத்தில் நீர்மின்சாரத்துக்கு அடுத்த இரண்டாவது பெரிய மின்மூலமாகச் சேமிப்பையே கணக்கிடுகிறார்கள்.

காடி நாற்றம்

பழைய படங்களைப் பார்க்க அவை பிழைத்திருக்க வேண்டுமே. அசிட்டேட் சுருள் தீயிலிருந்து தப்பியது; காற்றிலிருக்கும் ஈரத்திடமிருந்து தப்பவில்லை. ஈரமும் வெப்பமும் சேரும்போது அதிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிகிறது. காடியில் உள்ள அமிலம் அதுவே. பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும். வெளியான அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துவதால், நாற்றம் தொடங்கிய சுருளைப் பக்கத்துச் சுருள்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். சுருள் சுருங்கி நெளிந்துவிட்டால் புரொஜக்டரின் பற்கள் அதன் துளைகளில் பொருந்தா. வண்ணச் சுருள்களுக்கு இன்னொரு நோயும் உண்டு. மூன்று சாயங்களில் நீலப்பச்சை முதலில் வெளிறும். வானமும் ஆறும் வெள்ளைச் சட்டையும் இளஞ்சிவப்பாகிவிடும். குளிரும் வறட்சியும் உள்ள அறையில் வைப்பதுதான் இரண்டுக்கும் மருந்து. அதற்குள் ஒவ்வொரு படத்தையும் எண்முறையில் பதிந்துகொள்ள வேண்டும். பான்வில் மின் நிர்வாகம் தன் பழைய படங்களை இப்படிப் பதிந்து வெளியிட்டுள்ளது. ஹைட்ரோவும் தி கொலம்பியாவும் அவற்றில் உண்டு. தீவுகளுக்குக் கடலடியில் கம்பி பதித்த கதையைச் சொல்லும் '25,000 வோல்ட்ஸ் அண்டர் தி சீ' என்ற 1952ஆம் ஆண்டுப் படமும் உண்டு. பொறியியல் படிப்பவர்கள் இந்தக் கடைசிப் படத்தைத் தவறவிடக் கூடாது.

கொலம்பியாவின் கணக்கு இப்போது மீண்டும் மாறிவருகிறது. அலுமினிய உருக்காலைகள் 2000-01இல் மின்விலை ஏறியபோது ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. கடைசியாக ஓடியதும் 2020இல் நின்றது. அவை விட்ட இடத்தைத் தகவல் மையங்கள் நிரப்புகின்றன. கூகுள் நிறுவனம் தன் மையத்தை 2006இல் அமைத்த ஊர் டேல்ஸ். சிலைலோ அருவியை மூழ்கடித்த அணை உள்ள அதே ஊர். இரவு பகல் நிற்காமல் மின்சாரம் எடுப்பதில் கணிப்பொறிகளும் உருக்கு உலைகளுக்கு இளைத்தவையல்ல. இந்தத் தேவைக்கு எவ்வளவு நீர், எவ்வளவு காற்று, எவ்வளவு சேமிப்பு என்ற கணக்கை ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது புதிதாகப் போட வேண்டும் என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருக்கிறது.